பழைய ஜிபிஎஸ் கருவி, புதிய மடிக்கணினி: சீரியல் கேபிள் வழியாக வழிப்புள்ளிகளை மீட்பது எப்படி?

பதிவு 1: ஒற்றையடிப்பாதை

என்னிடம் கார்மின் ஜிபிஎஸ் 12 என்ற கைக்கருவி ஒன்று இருக்கிறது. பல ஆண்டுகளாக நடைப்பயணங்களில் கண்ட நீரூற்றுகள், பழைய மரங்கள், பாதைகள் பிரியும் இடங்கள் ஆகியவற்றை அதில் குறித்து வைத்திருக்கிறேன். மொத்தம் 412 வழிப்புள்ளிகள் உள்ளன. அவை வேறெங்கும் இல்லை. அவற்றில் சில மரங்கள் இன்று நிற்கவும் இல்லை. அவை நின்ற இடத்துக்கான ஒரே சான்று இந்தக் கருவிதான்.

கருவியின் பின்புறம் வட்ட வடிவிலான நான்கு பின் இணைப்பான் உள்ளது. அதற்குரிய கேபிள் மறுமுனையில் ஒன்பது பின் சீரியல் இணைப்பானாக முடிகிறது. புதிதாக வாங்கிய மடிக்கணினியில் இரண்டு டைப்-சி துளைகளைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆகவே சீரியலை யுஎஸ்பியாக மாற்றும் மலிவான அடாப்டர் ஒன்றும், யுஎஸ்பியை டைப்-சி ஆக்கும் சிறு இணைப்பு ஒன்றும் வாங்கினேன். விண்டோஸ் 11 அடாப்டரைக் கண்டுகொண்டதாக ஒலி எழுப்புகிறது, ஆனால் எந்த நிரலிலும் கருவி தென்படவில்லை. இத்தனை இணைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்ததுதான் பிழையா? எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பதிவு 2: கம்பிவடம்

மற்ற எதையும் சொல்வதற்கு முன் ஒரு வேண்டுகோள்: கருவியிலுள்ள மின்கலங்களை இப்போது கழற்றாதீர்கள். அந்தத் தலைமுறைக் கருவிகளில் வழிப்புள்ளிகளைக் காப்பது உள்ளே இருக்கும் ஒரு சிறு லித்தியம் மின்கலம். வெளி மின்கலங்கள் இல்லாதபோது நினைவகத்தைத் தாங்குவது அதன் வேலை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அது உயிரோடு இருக்கிறது என்று நம்பி எதையும் செய்யக்கூடாது. இப்போதுள்ள மின்கலங்களில் சக்தி எஞ்சியிருக்கும்போதே தரவை வெளியே எடுத்துவிட வேண்டும். தேவையற்ற நேரத்தில் கருவியை அணைத்தே வையுங்கள். அணைத்தாலும் மின்கலங்கள் உள்ளேயே இருக்கட்டும்.

இணைப்புகளின் எண்ணிக்கை ஒரு பொருட்டே அன்று. டைப்-சி துளையில் மாட்டும் அந்தச் சிறு இணைப்பு கம்பிகளை மட்டுமே மாற்றிக் கொடுக்கிறது. தரவின்மேல் அது கை வைப்பதில்லை.

தேடலைக் கணினியின் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஜிபிஎஸ் கருவியை ஓரமாக வைத்துவிட்டு அடாப்டரை மட்டும் மாட்டுங்கள். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, போர்ட்கள் என்ற பகுதியில் அதற்கு ஒரு காம் எண் (சீரியல் போர்ட்டுக்கு விண்டோஸ் தரும் எண்) கிடைத்திருக்கிறதா, மஞ்சள் முக்கோணம் ஏதும் நிற்கிறதா என்று பாருங்கள். எண் கிடைத்திருந்தால், அடாப்டரின் ஒன்பது பின்களில் 2-ஆம் பின்னையும் 3-ஆம் பின்னையும் ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். 2 என்பது கணினி கேட்கும் வழி, 3 என்பது கணினி பேசும் வழி. புட்டி அல்லது டெரா டெர்ம் போன்ற டெர்மினல் நிரலில் அந்தக் காம் எண்ணைத் திறந்து, ஃப்ளோ கன்ட்ரோல் என்பதை 'இல்லை' என்று வைத்து, ஏதாவது தட்டச்சு செய்யுங்கள். தட்டிய எழுத்து திரையில் திரும்பி வந்தால் கணினியும், அடாப்டரை இயக்கும் டிரைவர் நிரலும், அடாப்டரும் சரி என்று பொருள். கம்பியை எடுத்ததும் எழுத்து நின்றுவிட வேண்டும்; நிற்காவிட்டால் நிரலே எழுத்தை எதிரொலிக்கிறது, அந்த அமைப்பை அணைத்துவிட்டு மீண்டும் பாருங்கள்.

பதிவு 3: ஒற்றையடிப்பாதை

விரைந்து எழுதியதற்கு நன்றி ஐயா. மின்கலத்தை இந்த வாரமே மாற்றுவதாக இருந்தேன், நல்லவேளையாகத் தொடவில்லை.

டிவைஸ் மேனேஜரில் காம் 11 என்று காட்டுகிறது, ஆனால் அதன்மேல் மஞ்சள் முக்கோணம் இருக்கிறது. திறந்து பார்த்தால் 'இச்சாதனத்தைத் தொடங்க இயலவில்லை, குறியீடு 10' என்ற பொருளில் செய்தி வருகிறது. டெர்மினல் நிரலும் அந்தப் போர்ட்டைத் திறக்க மறுக்கிறது.

பதிவு 4: அளவைச்சங்கிலி

இதே குறியீடு 10 எனக்கும் வந்தது. அடாப்டரில் கேடு இல்லை. விண்டோஸ் தானாக நிறுவிய புதிய டிரைவர் அடாப்டருக்குள் உள்ள சில்லை ஏற்க மறுக்கிறது, அவ்வளவுதான். டிவைஸ் மேனேஜரில் 'டிரைவரைப் புதுப்பி' என்பதற்குள் சென்று, கணினியில் ஏற்கெனவே உள்ள டிரைவர்களின் பட்டியலிலிருந்து பழைய பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் பழையது இல்லையென்றால் தேடி நிறுவிக்கொள்ள வேண்டும். எனக்கு அவ்வாறே வேலை செய்தது.

பதிவு 5: கம்பிவடம்

அளவைச்சங்கிலி சொல்வது நடக்கக்கூடியதுதான், ஆனால் நான் அந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன். காரணத்தை விளக்கிவிடுகிறேன், ஏனெனில் இந்தச் சிக்கலில் மிகப் பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

இத்தகைய அடாப்டரின் உயிர் அதனுள்ளே உள்ள ஒரே ஒரு சில்லு. பிளாஸ்டிக் கூட்டின்மேல் எந்தப் பெயர் அச்சிட்டிருந்தாலும், கணினி பார்ப்பது அந்தச் சில்லைத்தான். சந்தையில் பரவலாக இருப்பவை எஃப்டிடிஐ நிறுவனத்தின் எஃப்டி232 வரிசை, புரோலிஃபிக்கின் பிஎல்2303, சிலிகான் லேப்ஸின் சிபி2102, டபிள்யூசிஎச்சின் சிஎச்340 ஆகியவை. இவற்றைப் போலவே தோன்றும் போலிச் சில்லுகளும், உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆன பழைய தலைமுறைச் சில்லுகளும் மலிவான அடாப்டர்களுக்குள் புகுந்துவிடுகின்றன. உண்மையான சில்லை மட்டும், அதிலும் இன்னும் ஆதரவில் உள்ள தலைமுறையை மட்டும் ஏற்கும்படி புதிய டிரைவர் எழுதப்பட்டிருக்கும்போது குறியீடு 10 வருகிறது. பழைய டிரைவரைத் திணித்தால் வேலை செய்யும், ஆனால் அடுத்த விண்டோஸ் புதுப்பிப்பு அதை மீண்டும் புதியதாக மாற்றிவிடும். ஒருமுறை மட்டும் தரவை எடுத்துவிட்டு அடாப்டரைத் தூக்கிப் போடுவதாக இருந்தால் சரி. ஒற்றையடிப்பாதை தொடர்ந்து பயன்படுத்தப் போகிறார் என்றால், சில்லின் பெயரை வெளிப்படையாகச் சொல்லி விற்கப்படும் வேறொரு அடாப்டரை வாங்குவதே மேல். அப்படிப் பெயரைச் சொல்லாத அடாப்டரை நான் வாங்குவதே இல்லை.

உங்கள் மடிக்கணினியில் ஏஆர்எம் வகைச் செயலி இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சாதாரண நிரல்கள் அதில் மொழிமாற்றத்தின் வழியே ஓடிவிடும், ஆனால் டிரைவர் அவ்வாறு ஓடாது. அந்தச் செயலிக்கென்றே உருவாக்கப்பட்ட டிரைவர் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பதிவு 6: அளவைச்சங்கிலி

ஏற்றுக்கொள்கிறேன். எனக்கும் இரண்டு முறை டிரைவர் திரும்ப மாறியது, அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு.

வேறு அடாப்டர் வாங்குவதென்றால், பொழுதுபோக்கு மின்னணுவியலுக்காக விற்கும் சிறு யுஎஸ்பி-டிடிஎல் பலகைகளும் இருக்கின்றனவே? விலை குறைவு, கம்பியை நேராகச் செருகிவிடலாம். அதை வைத்து முயன்றபோது எனக்குப் பொருளற்ற எழுத்துகள் மட்டுமே வந்தன, வேகத்தை எப்படி மாற்றினாலும் சரியாகவில்லை. அதன் காரணம் இன்றுவரை புரியவில்லை.

பதிவு 7: கம்பிவடம்

காரணம் மின்னழுத்தத்தின் திசை. ஆர்எஸ்-232 எனும் சீரியல் போர்ட் மரபில் தரவுக் கம்பி ஓய்ந்திருக்கும்போது, அதாவது 1 என்ற நிலையில், மின்னழுத்தம் எதிர்மறையாக இருக்கும். 0 என்ற நிலையில் நேர்மறையாக இருக்கும். பெறும் பக்கத்தில் மைனஸ் 3 வோல்ட்டுக்குக் கீழே 1 என்றும், பிளஸ் 3 வோல்ட்டுக்கு மேலே 0 என்றும் கொள்ள வேண்டும், இடைப்பட்டது வரையறுக்கப்படாத பகுதி. டிடிஎல் பலகையில் இது தலைகீழ்: ஓய்ந்திருக்கும்போது கம்பி 3.3 அல்லது 5 வோல்ட்டில் நிற்கும், 0 என்றால் தரைநிலைக்கு இறங்கும். ஆகவே ஒவ்வொரு துடிப்பும் எதிர்மாறாகப் படிக்கப்பட்டு, சரியான வேகத்திலும் குப்பைதான் தெரியும். வேகம் தவறினாலும் குப்பைதான் வரும், ஆனால் வேகத்தை மாற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது தெளிந்துவிடும். திசை தவறினால் எந்த வேகத்திலும் தெளியாது. இரண்டையும் பிரித்தறிய இது போதும்.

பழைய கைக்கருவிகள் பலவும் முழு ஆர்எஸ்-232 மின்னழுத்தத்தை வெளியிடுவதில்லை. மின்கலத்தைச் சேமிப்பதற்காக, திசையை மட்டும் ஆர்எஸ்-232 போல வைத்துக்கொண்டு 0 முதல் 5 வோல்ட்டுக்குள் பேசுகின்றன. வரையறைப்படி 0 வோல்ட் செல்லாத அளவு என்றாலும், நடைமுறையில் அடாப்டரின் பெறும் சில்லு ஏறக்குறைய ஒன்றரை வோல்ட்டை எல்லையாகக் கொண்டு அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் எதிர்மறையாகவே எடுத்துக்கொள்வதால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. எஃப்டி232ஆர் சில்லில் திசையைத் தலைகீழாக்கும் அமைப்பும் உண்டு. அதை மாற்றி டிடிஎல் பலகையைப் பயன்படுத்தியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உண்மையான ஆர்எஸ்-232 மின்னழுத்தத்தை வெளியிடும் கருவியை அறியாமல் அத்தகைய பலகையில் மாட்டினால், அதன் எதிர்மறை மின்னழுத்தம் பலகையைச் சேதப்படுத்தும். ஒன்பது பின் இணைப்பானுடன் வரும் அடாப்டரில் இந்தக் கவலை இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. வட்ட இணைப்பானின் நான்கு பின்களில் ஒன்று வெளி மின்சாரத்துக்கானது. அது எத்தனை வோல்ட் தாங்கும் என்பது மாதிரிக்கு மாதிரி, சில சமயம் ஒரே பெயருள்ள கருவியின் முந்தைய பிந்தைய பதிப்புகளுக்கிடையேகூட வேறுபடும். கையேட்டைப் பார்க்காமல் அதில் வாகனத்தின் 12 வோல்ட்டைக் கொடுக்கவே கூடாது. தரவுக்கு மூன்று கம்பிகள் போதும்.

பதிவு 8: ஒற்றையடிப்பாதை

வேறு சில்லு கொண்ட அடாப்டர் வந்துவிட்டது. மஞ்சள் முக்கோணம் இல்லை. 2-ஐயும் 3-ஐயும் இணைத்தபோது தட்டிய எழுத்து திரும்பி வந்தது, கம்பியை எடுத்ததும் நின்றது. பெரிய நிம்மதி.

ஆனால் ஜிபிஎஸ் கருவியைக் கேபிளில் மாட்டி, இயக்கி, பின்னர் அடாப்டரை மடிக்கணினியில் செருகியவுடன் சுட்டி திரையெங்கும் தாவுகிறது. தானாகவே எதையெதையோ அழுத்துகிறது, கோப்புகள் திறந்துகொள்கின்றன. பயந்துபோய் அடாப்டரைப் பிடுங்கிவிட்டேன். இது தீநிரலா?

பதிவு 9: திறவூற்று

தீநிரல் இல்லை, அச்சம் வேண்டாம். சீரியல் போர்ட்டில் மவுஸ் மாட்டிய காலத்தின் எச்சம் இது. புதிய சீரியல் போர்ட் ஒன்று தோன்றியதும், மறுமுனையில் மவுஸ் இருக்கிறதா என்று விண்டோஸ் கேட்டுப் பார்க்கிறது. அந்த நொடியில் உங்கள் ஜிபிஎஸ் இடைவிடாமல் பேசிக்கொண்டிருந்தால், அந்தப் பேச்சைச் சீரியல் மவுஸின் பதிலாக அது தவறாகப் புரிந்துகொள்கிறது. அதன்பின் ஒவ்வொரு இடத்தகவலும் சுட்டியின் அசைவாகவும் அழுத்தமாகவும் மாறிவிடுகிறது.

எளிய தீர்வு, வரிசையை மாற்றுவது: முதலில் அடாப்டரைச் செருகி, சில வினாடிகள் பொறுத்து, பின்னர் ஜிபிஎஸ்ஸை இயக்குங்கள். நிலையான தீர்வு வேண்டுமென்றால், டிவைஸ் மேனேஜரில் மவுஸ் பகுதியில் தோன்றும் 'சீரியல் பால்பாயிண்ட்' என்ற பதிவை முடக்குங்கள். நீக்கிவிடாதீர்கள், நீக்கினால் அடுத்த முறை மறுபடி கண்டுபிடித்து நிறுவிவிடும். எஃப்டிடிஐ சில்லாக இருந்தால் போர்ட்டின் மேம்பட்ட அமைப்புகளில் 'சீரியல் எனுமரேட்டர்' என்ற தேர்வை எடுத்துவிட்டால் இந்தக் கேள்வியையே விண்டோஸ் கேட்காது.

அதே அமைப்புப் பக்கத்தில் காம் எண்ணையும் மாற்றிக்கொள்ளுங்கள். பழைய வரைபட நிரல்கள் பலவற்றுக்கு ஒற்றை இலக்க எண்கள் மட்டுமே தெரியும். 11 போன்ற எண்ணைப் பட்டியலில் காட்டவே மாட்டா. 3 அல்லது 4 பாதுகாப்பானது.

பதிவு 10: ஒற்றையடிப்பாதை

வரிசையை மாற்றியதும் சுட்டி அடங்கிவிட்டது. காம் எண்ணை 4 ஆக்கினேன். டெர்மினலில் 4800 வேகம் (வினாடிக்கு இத்தனை துடிப்புகள்) வைத்ததும் டாலர் குறியில் தொடங்கும் வரிகள் இரண்டு வினாடிக்கு ஒருமுறை கொத்தாக வந்து விழுகின்றன. எத்தனையோ நாள் ஊமையாக இருந்த ஒன்று பேசியது போல் இருந்தது.

ஆனால் ஜிபிஎஸ் கருவிகளின் தரவை எடுத்துத் தரும் ஜிபிஎஸ்பேபல் நிரலில் வழிப்புள்ளிகளைக் கேட்டால் கருவியிடமிருந்து பதிலே இல்லை. இன்னொன்று: அந்த வரிகளில் உள்ள தேதி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பின்னால் இருக்கிறது. நேரமோ துல்லியமாக இருக்கிறது. கருவி பழுதாகிவிட்டதா?

பதிவு 11: கம்பிவடம்

இரண்டும் தனித்தனிச் செய்திகள்.

முதலாவது, உங்கள் கருவிக்கு இரண்டு மொழிகள் தெரியும். நீங்கள் திரையில் பார்த்தது என்எம்இஏ 0183 என்ற கடல்வழிக் கருவிகளின் பொதுமொழி. அது ஒருவழிப் பேச்சு: தற்போது நான் இருக்கும் இடம் இது, எனக்குத் தெரியும் செயற்கைக்கோள்கள் இவை என்று யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு வரிக்கு அதிகபட்சம் 82 எழுத்துகள். 4800 வேகத்தில், தொடக்கத் துடிப்பும் முடிவுத் துடிப்பும் சேர்ந்து ஓர் எழுத்துக்குப் பத்துத் துடிப்புகள் என்பதால், வினாடிக்கு 480 எழுத்துகளே செல்ல முடியும். முழு நீளத்தில் ஆறு வரிகள் சேர்ந்தாலே அந்த அளவு கடந்துவிடும். உங்கள் கருவி இரண்டு வினாடிக்கு ஒருமுறை பேசுவது இதனால்தான். சேமித்த வழிப்புள்ளிகளைக் கேட்டு வாங்க இந்த மொழி உதவாது. அதற்குக் கார்மினின் சொந்த மொழி வேண்டும். அது 9600 வேகத்தில் நடக்கும் இருவழிப் பேச்சு. கணினி கேட்டால்தான் கருவி பதில் சொல்லும். அமைப்புப் பட்டியலில் இண்டர்ஃபேஸ் என்ற பக்கத்துக்குச் சென்று, என்எம்இஏ என்பதை மாற்றி ஜிஆர்எம்என் என்று இரண்டு முறை எழுதியுள்ள தெரிவை வையுங்கள். வைத்ததும் டெர்மினலில் வரிகள் நின்றுவிடும். அது சரியான அறிகுறி. டெர்மினலை மூடிவிடுங்கள், ஏனெனில் ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் பிடித்திருக்க முடியும். அதன்பின் ஜிபிஎஸ்பேபலில் உள்ளீடாகக் கார்மின் சீரியல் சாதனத்தையும் காம் 4-ஐயும், வெளியீடாக ஜிபிஎக்ஸ் (வழிப்புள்ளிகளுக்கான பொது வடிவம்) கோப்பையும் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது, கருவி பழுதாகவில்லை. செயற்கைக்கோள்கள் தேதியை வாரக் கணக்காக அனுப்புகின்றன. தொடக்கம் 1980 ஜனவரி 6. அந்தக் கணக்குக்குப் பழைய செய்தி வடிவில் பத்து இருமக்கூறுகளே (பிட்கள்) ஒதுக்கப்பட்டதால் 1024 வாரங்களுக்கு ஒருமுறை அது மீண்டும் பூச்சியத்துக்குத் திரும்புகிறது. முதல் முறை 1999 ஆகஸ்டிலும் இரண்டாம் முறை 2019 ஏப்ரலிலும் அவ்வாறு திரும்பியது, அடுத்தது 2038 நவம்பரில். உங்கள் கருவி இரண்டாம் திருப்பத்தை அறியாது. எனவே 1024 வாரங்கள், அதாவது 7168 நாட்கள், பின்தங்கிய தேதியைக் காட்டுகிறது. இடக் கணிப்பு இதனால் கெடுவதில்லை.

பதிவு 12: திறவூற்று

லினக்ஸில் முயல்பவர்களுக்காக ஒரு குறிப்பு. மேலே சொன்ன நான்கு வகைச் சில்லுகளுக்கும் டிரைவர் கெர்னலிலேயே உள்ளது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம். பல வெளியீடுகளில் பயனரை 'டயல்அவுட்' என்ற குழுவில் சேர்க்காவிட்டால் போர்ட்டைத் திறக்க அனுமதி கிடைக்காது. சேர்த்தபின் வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். என்எம்இஏ வரிகளைப் பல நிரல்களுக்கு ஒரே நேரத்தில் பகிர ஜிபிஎஸ்டி என்ற பின்னணி நிரல் உதவும்.

என்எம்இஏ வரிகளைக் கையால் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1034.500 என்று அட்சரேகை வந்தால், அது 10 பாகை 34.5 கலை (ஒரு பாகைக்கு 60 கலை), அதாவது 10.575 பாகை. இதை 10.345 என்று படித்து வரைபடத்தில் வைத்தால் புள்ளி 25 கிலோமீட்டருக்கு மேல் விலகிப்போகும்.

பதிவு 13: ஒற்றையடிப்பாதை

எல்லாம் வந்துவிட்டன. 412 புள்ளிகளும் ஒரே கோப்பில் இருக்கின்றன. கோப்பு நிறைவடைய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு வெவ்வேறு இடங்களில் படி எடுத்து வைத்துவிட்டேன். வரைபடத்தில் திறந்து பார்த்தபோது, நான் மறந்தே போயிருந்த ஒரு நீரூற்றின் ஆறெழுத்துப் பெயர் கண்ணில் பட்டது.

2019 ஏப்ரலுக்குப் பிறகு நான் குறித்த புள்ளிகளின் குறிப்பில் மட்டும் தேதி பின்தங்கியிருக்கிறது. அவை 31 மட்டுமே என்பதால், 7168 நாட்களைக் கூட்டி ஒவ்வொன்றாகக் கையால் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

இனி மின்கலத்தைக் கழற்றலாமா?

பதிவு 14: கம்பிவடம்

கழற்றலாம். நினைவகம் அழிந்தால் அதே கோப்பை எதிர்த்திசையில் அனுப்புங்கள்: உள்ளீடு ஜிபிஎக்ஸ், வெளியீடு கருவி. அழிந்த நிலையில் கருவியை இயக்கினால், வானம் நன்றாகத் தெரியும் வெட்டவெளியில் அசையாமல் வைத்துவிடுங்கள். எல்லாச் செயற்கைக்கோள்களின் பொது அட்டவணையும் ஒரு முழுச் சுற்றில் வந்துசேர 12.5 நிமிடங்கள் ஆகும். இடையில் மறைப்பு ஏற்பட்டால் விட்டுப்போன பகுதிக்காக மீண்டும் காத்திருக்க வேண்டியிருக்கும்.

பதிவு 15: ஒற்றையடிப்பாதை

நீங்கள் அஞ்சியது சரியாகவே இருந்தது ஐயா. பழைய மின்கலங்களை எடுத்துப் புதியவற்றைப் போடுவதற்குள், ஒரு நிமிடத்துக்கும் குறைந்த நேரத்தில், நினைவகம் முழுவதும் வெறுமையாகிவிட்டது. போன வாரம் நான் நினைத்தபடி மாற்றியிருந்தால் அத்தனையும் போயிருக்கும்.

கருவியைத் திறந்த வெளியில் அரை மணி நேரம் வைத்தேன், இடத்தைப் பிடித்துக்கொண்டது. இண்டர்ஃபேஸ் அமைப்பும் தொடக்க நிலைக்குத் திரும்பியிருக்கலாம் என்று பார்த்து, மீண்டும் ஜிஆர்எம்என் என்று உறுதிசெய்துகொண்டு, கோப்பைத் திருப்பி அனுப்பினேன். 412 புள்ளிகளும் கருவியின் பட்டியலில் மறுபடி இருக்கின்றன. உள் லித்தியத்தை மாற்றத் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடிக்கும் வரை, ஒவ்வொரு முறை மின்கலம் மாற்றுவதற்கு முன்பும் மடிக்கணினியில் ஒரு படி எடுத்துவிடுகிறேன்.